நிற்கும் கல்லின் மக்கள் கட்டிய கோயில்

ஓர் ஊரின் கதையை அறிய விரும்புபவர் அவ்வூர்க் கோயிலின் பழைய பதிவேட்டையும் சவக்காலையில் நிற்கும் கற்களையும் பார்த்தால் போதும் என்று மூத்தோர் சொல்வதுண்டு. பிறந்தவர், மணமுடித்தவர், இறந்தவர் எல்லோருடைய பெயரும் அங்கே இருக்கும். யார் வந்து குடியேறினர், எந்த ஆண்டில் கொள்ளை நோய் வந்தது, எந்தக் குடும்பம் ஊரை விட்டுப் போயிற்று என்பதையும் அங்கே காணலாம்.

இந்த இதழின் படிப்புப் பகுதிக்கு அப்படியான ஒரு கோயிலின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறோம். அது நமது நாட்டிலுள்ள கோயில் அல்ல. ஐக்கிய அமெரிக்காவின் வடபகுதியில் விஸ்கொன்சின் என்ற மாநிலம் உண்டு. அங்கே ஒனைடா என்ற சிற்றூரில் நிற்கும் பரிசுத்த அப்போஸ்தலர் ஆலயமே அது. அது கத்தோலிக்க ஆலயமும் அல்ல. எப்பிஸ்கோப்பல் சபையைச் சேர்ந்தது. அமெரிக்கா பிரித்தானிய அரசிடமிருந்து விடுதலை பெற்ற பின்னர், அங்கிருந்த ஆங்கிலிக்கன் சபையினர் பிரித்தானிய அரசருக்குக் கீழ்ப்பட்டவர்களாக இருக்க முடியவில்லை. ஆகவே 1789இல் தமக்கெனத் தனியாக ஒரு சபையை ஒழுங்குபடுத்திக் கொண்டனர். மேற்பார்வையாளர், அதாவது ஆயர், என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததே எப்பிஸ்கோப்பல் என்ற பெயர். நமது நாட்டிலுள்ள ஆங்கிலிக்கன் சபைக்கு அது ஒரு சகோதர சபை.

இவ்வளவு தொலைவிலுள்ள ஒரு கோயிலை நாம் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அதைக் கட்டியவர்கள் தம் சொந்த மண்ணிலிருந்து இடம்பெயர்ந்த ஒரு விவசாய மக்கள். அவர்கள் இரண்டு முறை காணியை இழந்தார்கள். முதல் முறை போருக்குப் பின்னர் இழந்தார்கள். இரண்டாம் முறை இழந்தபோது துப்பாக்கி ஒன்றும் வெடிக்கவில்லை. கடதாசி மட்டுமே கைமாறியது. இந்த இரண்டாவது இழப்பை நாம் கவனமாகப் படிக்க வேண்டும்.

சொந்த மண்

ஒனைடா மக்கள் அமெரிக்கக் கண்டத்தின் பழங்குடியினர். தம் மொழியில் அவர்கள் தம்மை நிற்கும் கல்லின் மக்கள் என்று அழைத்துக் கொள்கின்றனர். இன்றைய நியூயோர்க் மாநிலத்தின் நடுப்பகுதியில் ஏறக்குறைய 60 இலட்சம் ஏக்கர் நிலம் அவர்களுக்குரியதாக இருந்தது. மொகோக், ஒனொன்டாகா, கயூகா, செனெக்கா என்ற அயல் மக்களோடு அவர்கள் ஒரு கூட்டமைப்பாக வாழ்ந்தனர். 18ஆம் நூற்றாண்டில் டஸ்கரோறா மக்களும் வந்து சேர, அது ஆறு மக்களின் கூட்டமைப்பாயிற்று.

அவர்களது முக்கிய பயிர்கள் மூன்று: சோளம், அவரை, பூசணி. இவற்றை அவர்கள் மூன்று சகோதரிகள் என்பார்கள். சோளத் தண்டு அவரைக் கொடிக்குத் தாங்குகோலாகும். அவரை மண்ணுக்கு உரம் சேர்க்கும். பூசணி இலை நிலத்தை மூடி ஈரத்தைக் காத்துக் களையை அடக்கும். வயல் வேலை பெரும்பாலும் பெண்களின் பொறுப்பில் இருந்தது. நிலம் தனியாருக்குச் சொந்தமானதல்ல. பயிரிடுபவர் பயன்படுத்தலாம், விற்க முடியாது. இந்த வழக்கத்தை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் நடந்தவற்றை விளங்கிக்கொள்ள இது உதவும்.

1766இல் சாமுவேல் கேர்க்லண்ட் என்ற புரட்டஸ்தாந்து மறைப்பணியாளர் அவர்களிடையே வந்து தங்கினார். பலர் கிறிஸ்தவர்களாயினர், அவர்களுக்கென ஒரு கோயிலும் எழுந்தது.

போரும் அதன் பின்னும்

1775இல் குடியேற்ற மக்களுக்கும் பிரித்தானிய அரசுக்கும் போர் மூண்டது. ஆறு மக்களில் பெரும்பாலானோர் பிரித்தானியர் பக்கம் நின்றனர். ஒனைடா மக்களும் டஸ்கரோறா மக்களும் குடியேற்றவாசிகளின் பக்கம் சேர்ந்தனர். 1777இல் ஒறிஸ்கனி என்ற இடத்தில் நடந்த சண்டையில் ஒனைடா வீரர்கள் பங்கு கொண்டனர். வொஷிங்டனின் படை பட்டினி கிடந்தபோது தம் முன்னோர் சோளம் சுமந்து சென்று கொடுத்தார்கள் என்று அவர்கள் இன்றும் தம் பிள்ளைகளுக்குச் சொல்கின்றனர்.

அதற்கான விலையையும் அவர்கள் கொடுத்தனர். 1780இல் எதிர்ப்படை அவர்களது பெரிய ஊரை எரித்தது. வீடுகளோடு கோயிலும் எரிந்து போயிற்று. மக்கள் கிழக்கே ஓடி, ஸ்கெனெக்டடி என்ற பட்டினத்தின் அருகில் குடில்களில் அகதிகளாகக் குளிர்காலங்களைக் கழித்தனர்.

போரில் அவர்கள் சார்ந்த பக்கமே வென்றது. 1784இலும் 1794இலும் எழுதப்பட்ட உடன்படிக்கைகளில் அமெரிக்க மத்திய அரசு அவர்களது காணி அவர்களுக்கே உரியது என்று உறுதி கூறியது. 1794 டிசம்பரில் இன்னோர் உடன்படிக்கையும் எழுதப்பட்டது. போரில் ஏற்பட்ட அழிவுக்கு 5,000 டொலர் நட்டஈடு, மாவரைக்கும் ஆலை ஒன்று, மரம் அரியும் ஆலை ஒன்று, எரிந்த கோயிலுக்குப் பதிலாகப் புதிய கோயில் கட்ட 1,000 டொலர் ஆகியன அதில் இடம்பெற்றன. எரிந்து போன ஒரு கோயில் உடன்படிக்கையில் எழுதப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். இழப்பைச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். சொன்னது எழுத்தில் பதிந்தது.

ஆனால் மத்திய அரசு ஒரு பக்கம் உறுதி கூறிக் கொண்டிருக்க, நியூயோர்க் மாநில அரசு மறுபக்கம் காணியை வாங்கிக் கொண்டே இருந்தது. 1788இல் செய்த ஒரே ஒப்பந்தத்தில் 50 இலட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் கைவிட்டுப் போயிற்று. எஞ்சியது ஏறக்குறைய மூன்று இலட்சம் ஏக்கர். மத்திய அரசின் அனுமதியின்றிப் பழங்குடியினரின் காணியை எவரும் வாங்கக் கூடாது என்று 1790இல் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும், 1795இல், ஏறக்குறைய ஒரு இலட்சம் ஏக்கரை மாநில அரசு அந்த அனுமதி இல்லாமலே வாங்கியது. ஒவ்வொரு முறையும் சிறிது பணம், சிறிது வாக்குறுதி. 1817இல் ஈரி வாய்க்கால் வெட்டும் வேலை அவர்களது பிரதேசத்தினூடாகத் தொடங்கியது. காணி விலை ஏறியது. குடியேறுவோரும் காணிக் கம்பனிக்காரரும் நாலாபுறமும் நெருக்கினர்.

மேற்கு நோக்கி

1816இல் எலியேசர் வில்லியம்ஸ் என்ற உபதேசியார் அவர்களிடம் வந்தார். அவர் மொகோக் வழிவந்தவர். அவரது மொழி ஒனைடா மக்களுக்கு விளங்கும். நியூயோர்க்கின் எப்பிஸ்கோப்பல் ஆயர் ஜோன் ஹென்றி ஹோபார்ட் அவரை அனுப்பியிருந்தார். மொகோக் மொழியில் செபநூல் ஒன்று 1715இலேயே அச்சாகியிருந்தது. தமக்கு விளங்கும் மொழியில் வழிபாடும் பாட்டும் கிடைத்தமையால் பலர் எப்பிஸ்கோப்பல் சபையில் சேர்ந்தனர்.

வில்லியம்ஸ் மக்களை மேற்கே செல்லுமாறு தூண்டினார். அங்கே தொந்தரவின்றி வாழலாம் என்றார். மக்கள் ஒருமனதாக இருக்கவில்லை. ஒரு பகுதியினர் போக விரும்பினர்; மற்றவர்கள் முன்னோரின் மண்ணை விட மறுத்தனர். முடிவில் அம்மக்கள் மூன்றாகப் பிரிந்தனர். ஒரு பகுதி நியூயோர்க்கில் தங்கியது. ஒரு பகுதி 1840 அளவில் கனடாவின் ஒன்ராறியோவில் தம் பணத்தில் காணி வாங்கிக் குடியேறியது. மற்றப் பகுதி 1822 தொடக்கம் சிறு சிறு கூட்டமாக, பேரேரிகள் வழியாக ஏறக்குறைய ஆயிரம் மைல் பயணம் செய்து, விஸ்கொன்சினில் கிறீன் பே என்ற இடத்துக்கு அருகே டக் கிறீக் ஆற்றங்கரையில் வந்து சேர்ந்தது.

அந்த நிலம் வெறுமையாகக் கிடந்த நிலம் அல்ல. மெனொமினி, ஹோ-சங் என்ற மக்களின் நிலம் அது. 1821இலும் 1822இலும் அவர்களோடு ஒப்பந்தம் செய்தே ஒனைடா மக்கள் வந்தார்கள். ஆயினும் எவ்வளவு நிலம் கொடுக்கப்பட்டது என்பதில் மெனொமினி மக்களுக்கு வேறு விளக்கம் இருந்தது. பல ஆண்டுகள் தகராறு நீடித்தது. ஒரு மக்களை எழுப்பி இன்னொரு மக்களின் மண்ணில் இருத்தும்போது இருசாராருக்கும் இடையில் மனக்கசப்பு உண்டாகிறது. இருத்தியவரோ தூரத்தில் நிற்கிறார். இதை இடம்பெயர்ந்து வாழும் எவரும் விளங்கிக் கொள்வர்.

வில்லியம்ஸ் மீது மக்கள் வைத்த நம்பிக்கையும் நிலைக்கவில்லை. 1830களின் தொடக்கத்திலேயே அவர்கள் அவரை விலக்கிவிட்டனர். பிற்காலத்தில் அவர் தம்மைக் காணாமற் போன பிரெஞ்சு இளவரசர் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் போனாலும் சபை குலையவில்லை. கோயில் ஓர் ஆளின் சொத்தாக இராமல் மக்களுடையதாகிவிட்டதே இதற்குக் காரணம்.

மரம், பலகை, கல்

வந்து சேர்ந்த மக்கள் காட்டை வெட்டினர். வேர்களுக்கு இடையே சோளம் விதைத்தனர். 1825 அளவில் மரத்தடிகளை அடுக்கி ஒரு கோயில் கட்டினர். விஸ்கொன்சினில் எழுந்த முதல் எப்பிஸ்கோப்பல் கோயில் அதுவே. பின்னாளில் அம்மாநிலத்தில் வெள்ளையர் பெருந்தொகையாகக் குடியேறிப் பெரிய ஆலயங்கள் கட்டினர். ஆனால் அவர்களுக்கு முன்னோடிகளாக இருந்தவர்கள் இந்த இடம்பெயர்ந்த விவசாயிகள்.

1838 பெப்ரவரியில் மத்திய அரசோடு புதிய உடன்படிக்கை எழுதப்பட்டது. ஆளுக்கு 100 ஏக்கர் என்ற கணக்கில் ஏறக்குறைய 65,400 ஏக்கர் ஒனைடா மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. கணக்கு ஆளுக்காள் என்றிருந்தாலும் காணி பொதுவிலேயே இருந்தது. குடும்பங்கள் தாம் திருத்திய நிலத்தைப் பயிரிட்டன. எவரும் வெளியாருக்கு விற்க முடியாது. ஏறத்தாழ அதே காலத்தில் மரத்தடிக் கோயிலுக்குப் பதிலாகப் பலகையால் ஒரு கோயில் எழுந்தது. 1830இல் காலமான ஆயர் ஹோபார்ட்டின் பெயரையே அதற்கு வைத்தனர். 1842இல் விஸ்கொன்சினின் நஷோட்டா என்ற இடத்தில் குருமாணவர் கல்லூரியை ஆரம்பித்த இரு இளைஞர்கள் இந்தப் பலகைக் கோயிலில்தான் குருப்பட்டம் பெற்றனர்.

1853இல் எட்வேட் குட்நவ் என்ற குருவானவர் வந்தார். 1890இல் இறக்கும்வரை 37 ஆண்டுகள் அவர் அங்கேயே பணிபுரிந்தார். அவரது காலத்தில் கற்கோயில் கட்டும் எண்ணம் நிறைவேறியது. 1886இல் அடிக்கல் நாட்டப்பட்டது. மக்களே கல்லுடைத்தனர், வண்டிகளில் ஏற்றி வந்தனர், சுவர் எழுப்பினர். பெரும் பணக்காரர் ஒருவரும் அவர்களிடையே இல்லை. நிற்கும் கல்லின் மக்களுக்குக் கல்லிலே ஒரு கோயில் எழுந்தது. அதுவே பரிசுத்த அப்போஸ்தலர் ஆலயம்.

1838இலிருந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர்களது காணியின் அளவு குறையவில்லை. அவர்களை மீண்டும் மேற்கே தள்ளவும் காணியை வாங்கவும் பலர் முயன்றனர். ஆனால் வாங்க வந்தவர் தனி ஒருவரோடு பேச முடியாது. முழு மக்களோடும் பேச வேண்டியிருந்தது. அதனால் காணி தப்பியது.

காணி துண்டான கதை

கற்கோயிலுக்கு அடிக்கல் நாட்டிய மறு ஆண்டு, 1887இல், அமெரிக்கப் பாராளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. பழங்குடியினரின் பொதுக் காணியைத் துண்டுகளாக்கி ஆளுக்காள் பங்கிட வேண்டும் என்பதே அச்சட்டம். சட்டத்தைக் கொண்டு வந்தவர்களில் பலர் நல்லெண்ணம் உடையவர்கள். தனிச்சொத்து இருந்தால்தான் மனிதன் உழைப்பான், முன்னேறுவான் என்று அவர்கள் நம்பினர். சபைகளைச் சேர்ந்த பலரும் அதற்குக் கைதட்டினர்.

ஒனைடாவில் அதை எதிர்த்தவர்களில் முக்கியமானவர் கொர்னேலியஸ் ஹில். 1834இல் பிறந்த அவர் சிறுவயதிலேயே தலைவராகத் தெரிவு செய்யப்பட்டவர், நஷோட்டாவில் படித்தவர், நெடுங்காலம் கோயிலில் பிரசங்கத்தை ஒனைடா மொழியில் பெயர்த்துச் சொன்னவர். ஆங்கிலம் தெரிந்தமையால் கடதாசியில் எழுதியிருப்பதன் கருத்தை அவர் அறிந்திருந்தார். ஆயினும் 1890களின் தொடக்கத்தில் பங்கீடு நடந்து முடிந்தது. குடும்பத் தலைவருக்கு ஓர் அளவு, வளர்ந்தவருக்கு ஓர் அளவு, பிள்ளைகளுக்கு ஓர் அளவு என்று காணி துண்டாயிற்று.

ஆரம்பத்தில் ஒரு பாதுகாப்பு இருந்தது. 25 ஆண்டுகளுக்குக் காணியை அரசு பொறுப்பில் வைத்திருக்கும். அதுவரை விற்கவும் முடியாது, வரியும் கிடையாது. ஆனால் 1906இல் வந்த சட்டங்கள் அந்தத் தவணைக்கு முன்பே முழு உறுதி வழங்க வழிசெய்தன. உறுதி கைக்கு வந்ததும் மூன்று கதவுகள் ஒன்றாகத் திறந்தன.

முதலாவது, வரி. உறுதியுள்ள காணிக்கு ஆண்டுதோறும் பணமாக வரி கட்ட வேண்டும். சோளமும் உருளைக்கிழங்கும் வைத்திருந்த குடும்பத்திடம் காசு இருக்கவில்லை. வரி கட்டாத காணி ஏலத்துக்கு வந்தது. வரி அறவிட்ட உள்ளூராட்சிப் பிரிவுகளில் ஒன்றுக்கு ஹோபார்ட் என்று பெயர். மக்களின் முதற் கோயிலுக்கு உதவிய ஆயரின் பெயரே அது.

இரண்டாவது, ஈடு. குதிரைக்கும் கலப்பைக்கும் விதைக்கும் கடன் கொடுக்க ஆட்கள் வந்தனர். கடனுக்குக் காணி ஈடு வைக்கப்பட்டது. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத பலர், எழுதியிருப்பது ஈடா அறுதியா என்று அறியாமலே அடையாளம் இட்டனர். மழை பிழைத்த ஓர் ஆண்டில் கடன் முறிந்தால் காணி போயிற்று.

மூன்றாவது, முதுசம். உரிமையாளர் இறந்தால் பல பிள்ளைகளுக்குப் பங்கு. ஒவ்வொருவருக்கும் வரும் துண்டு பயிரிடப் போதாது. ஆகவே எல்லோரும் சேர்ந்து விற்றுக் காசைப் பிரிப்பது இலகுவாயிற்று.

இப்படியாக, போரோ வெள்ளமோ இல்லாமல், ஒரு தலைமுறைக் காலத்துக்குள் 65,000 ஏக்கரில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போயிற்று. 1930களின் தொடக்கத்தில் ஒனைடா மக்களிடம் எஞ்சியிருந்தது சில நூறு ஏக்கர் மட்டுமே.

இக்காலத்திலேயே பிள்ளைகளும் பறிக்கப்பட்டனர் என்று சொல்லலாம். 1893இல் அரசு அங்கே ஒரு விடுதிப் பாடசாலையைத் திறந்தது. இன்னும் பலர் தொலைதூர விடுதிகளுக்கு அனுப்பப்பட்டனர். இத்தகைய பாடசாலைகளில் தாய்மொழி பேசுவது குற்றமாகக் கருதப்பட்டது. காணியும் மொழியும் ஒரே காலத்தில் கையை விட்டு நழுவின.

எஞ்சி நின்றவை

கோயில் என்னவாயிற்று? பங்கீடு முடிந்த சில ஆண்டுகளில், 1895இல், கொர்னேலியஸ் ஹில் தியாக்கோனாக அபிஷேகம் பெற்றார். 1903இல், 70 வயதை நெருங்கும் காலத்தில், குருவானார். ஒனைடா மக்களிலிருந்து எழுந்த முதற் குரு அவரே. தலைவர்களின் அதிகாரத்தை அரசு மதியாத அக்காலத்தில், மக்கள் கூடும் இடமாகக் கோயில் இருந்தது. அந்த இடத்தை அவர் விட்டுவிடவில்லை. 1907இல் அவர் இறந்தார்.

1890களின் இறுதியில் பெண்களுக்கு றேந்தை பின்னும் பயிற்சி தொடங்கியது. அவர்கள் பின்னிய றேந்தை தூர நகரங்களில் விலைப்பட்டது. காணி போய்க்கொண்டிருந்த குடும்பங்களுக்கு அந்தச் சிறு வருமானம் அடுப்பெரிய உதவிற்று.

1920இல் கோயில்மேல் இடி விழுந்து தீப்பற்றியது. கூரையும் உள்ளிருந்தவையும் எரிந்தன, கற்சுவர்கள் நின்றன. காணியெல்லாம் போய்க் கொண்டிருந்த வறுமையின் நடுவிலும் மக்கள் அக்கோயிலைச் சில ஆண்டுகளுக்குள் திரும்பக் கட்டி எழுப்பினர். இனி நமக்கு எதற்கு என்று அவர்கள் சொல்லவில்லை. முன்னோரின் சவக்காலை அதன் அருகே இருந்தது. காணியை விற்று அயல் நகரங்களுக்குக் கூலிவேலைக்குப் போனவர்கள்கூடத் திருநாளுக்கும் செத்தவீட்டுக்கும் அங்கேதான் வந்தனர்.

செத்தவீட்டில் பாடும் வழக்கம் அவர்களிடையே விசேடமானது. வாத்தியம் எதுவுமின்றி, தம் மொழியில், இறந்தவர் அருகே இருந்து பாடுவார்கள். பாடசாலை மொழியைத் தடைசெய்தாலும் பாட்டை எவரும் தடைசெய்யவில்லை. அதனால் பேச்சு மறைந்த வீடுகளிலும் பாட்டு நிலைத்தது. 2008இல் அமெரிக்க அரசின் கலை நிறுவனம் மரபுக் கலைஞர்களுக்கு வழங்கும் உயர்ந்த விருதை விஸ்கொன்சின் ஒனைடா பாடகர் குழுவுக்கு அளித்தது. 1830 அளவில் வந்து குடியேறிய மெதடிஸ்த ஒனைடா மக்களுக்கும் தனிக் கோயில் உண்டு. சபை வேறாயினும் துக்க வீட்டில் இந்த மொழி பொதுவாக இருந்தது.

இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. 1930களின் இறுதியில், வேலையற்றோருக்கு வேலை கொடுக்கும் அரசாங்கத் திட்டமொன்றின் கீழ், ஒனைடா மக்கள் சிலருக்குச் சம்பளம் கொடுத்து, மூத்தோரின் நினைவுகளை எழுதுவித்தனர். காணி எப்படிப் போயிற்று, கடன் எப்படி வந்தது, பழைய ஊர் எப்படி இருந்தது என்று அவர்கள் குறிப்பேடுகளில் எழுதினர். பின்னர் எழுதப்பட்ட குறிப்பேடுகளில் பல, பல்கலைக்கழகக் களஞ்சியமொன்றில் மறந்து கிடந்து, 1990களின் இறுதியில் கண்டெடுக்கப்பட்டன. இன்று அவர்களது பேரப்பிள்ளைகள் அவற்றைப் படிக்கிறார்கள்.

காணி திரும்பிய வழி

1934இல் அமெரிக்க அரசு பங்கீட்டுக் கொள்கையைக் கைவிட்டது. ஒனைடா மக்கள் 1936இல் தமக்கென யாப்பு எழுதி நிர்வாக சபை அமைத்தனர். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஏக்கர் காணி வாங்கிப் பொதுவில் வைக்கப்பட்டது. அதன்பின் வேகம் மிகக் குறைவு. 1970களில் சமூக நிலையத்தின் மின்கட்டணத்தைக் கட்டுவதற்காகப் பெண்கள் சிலர் தொடங்கிய பிங்கோ விளையாட்டு பெரிய சூதாட்ட நிலையமாக வளர்ந்தது. சூதாட்டத்தை நாம் புகழ வரவில்லை. ஆனால் அவ்வருமானத்தில் ஒரு பகுதியைக் கொண்டு அவர்கள் இழந்த காணியைச் சந்தை விலை கொடுத்துத் துண்டு துண்டாக மீட்கத் தீர்மானித்தனர். இன்று 1838ஆம் ஆண்டு எல்லைக்குள் மூன்றிலொரு பங்குக்கும் மேலான நிலம் மீண்டும் அவர்களுடையது. பழைய அரசாங்க விடுதிப் பாடசாலை அமைந்திருந்த இடம் இடையில் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் கையில் இருந்து குருமடமாக விளங்கியது. அதையும் அவர்கள் வாங்கினர். இன்று அவர்களது நிர்வாகப் பணிமனை அங்கே இயங்குகிறது.

நீதிமன்றத்தில் கிடைத்த பயன் ஒரே மாதிரியாக இருக்கவில்லை. நியூயோர்க் மாநிலம் 1795இல் அனுமதியின்றி வாங்கிய காணி தொடர்பாக வழக்குத் தொடர ஒனைடா மக்களுக்கு உரிமையுண்டு என்று 1985இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்தது. 2005இல் அதே நீதிமன்றம், அவர்கள் வாங்கி மீட்ட காணியில் பழைய ஆட்சியுரிமையைத் திரும்பக் கோருவதற்குக் காலம் மிகவும் கடந்துவிட்டது என்றது. ஆனால் விஸ்கொன்சினில் 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் வேறொரு தீர்ப்பை அளித்தது. ஹோபார்ட் உள்ளூராட்சியோடு எழுந்த வழக்கில், தனித் துண்டுகள் விற்கப்பட்டதால் 1838இன் எல்லை அழிந்துவிடவில்லை, அது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று தீர்த்தது. 182 ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஒரு கடதாசி அந்த மக்களுக்காகப் பேசிற்று.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

முதலாவதாக, காணியை வைத்திருக்கும் முறையும் காணியைப் போலவே முக்கியமானது. பொதுவில் இருந்தபோது ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நின்ற காணி, தனித்தனி உறுதியானதும் ஒரு தலைமுறையில் போயிற்று. தனி உறுதி கெட்டது என்று நாம் சொல்லவில்லை. அது குடும்பத்துக்குப் பலம். ஆனால் வரி, ஈடு, முதுசம் என்ற மூன்று கதவுகளையும் அறியாமல் உறுதியைக் கையில் வாங்குபவர் பலவீனமாகிறார்.

இரண்டாவதாக, வாசிக்கத் தெரியாத கடதாசியில் கையொப்பம் இடக்கூடாது. வாசித்துச் சொல்ல நம்பிக்கையான ஒருவர் ஊரில் இருக்க வேண்டும். அவர் ஒருவராக மட்டும் இருந்தாலும் போதாது. வில்லியம்ஸும் படித்தவர், ஹில்லும் படித்தவர். இருவருக்கும் உள்ள வித்தியாசம் மக்களோடு நின்றதில்தான்.

மூன்றாவதாக, எழுதி வைப்பது வீண் வேலை அல்ல. எரிந்த கோயில் 1794இல் எழுத்தில் இருந்தது; எல்லை 1838இல் எழுத்தில் இருந்தது; மூத்தோரின் நினைவு குறிப்பேட்டில் இருந்தது. எழுத்தில் இருந்தவை திரும்பி வந்தன.

நான்காவதாக, ஒரு மக்கள் சிதறாமல் இருக்கக் கூடும் இடம் ஒன்று வேண்டும். அது கோயிலாக இருக்கலாம், வாசிகசாலையாக, சங்கக் கட்டடமாக, ஆலமர நிழலாகவும் இருக்கலாம். அதைத் திரும்பத் திரும்பக் கட்டும் மனம் இருந்தால், இழந்தவற்றைத் தேடும் மனமும் இருக்கும்.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் காணிக்கான உறுதி, பேமிட், வரைபடம், வரிப் பற்றுச்சீட்டு ஆகியன யாரிடம் உள்ளன? பிரதி எடுத்து வேறோர் இடத்திலும் வைத்திருக்கிறீர்களா?

2. உறுதி தொலைந்திருந்தால், காணியின் நான்கு எல்லைகள், எல்லைக் காணிக்காரரின் பெயர்கள், கிணறு, நின்ற மரங்கள், பயிரிட்ட ஆண்டுகள் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுத முடியுமா? இதற்கு ஊரின் மூத்தோர் எவர் உதவுவார்?

3. இன்று நீங்கள் தங்கியிருக்கும் நிலம் யாருடையது? அவர்களோடு உறவு எப்படி இருக்கிறது? அதைச் சீராக்க உங்கள் குழு என்ன செய்யலாம்?

4. பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்கும்போது காணி துண்டாகாமல் பயிரிட என்ன ஒழுங்கு செய்யலாம்?

5. உங்கள் ஊர்க் கோயில், பாடசாலை, சங்கம் ஆகியவற்றின் பழைய பதிவேடுகள் இப்போது எங்கே? அவற்றைத் தேடும் பொறுப்பை உங்கள் குழுவில் யார் ஏற்பார்?

இரண்டாவது கேள்வியை அடுத்த கூட்டத்துக்கு முன்னரே தொடங்குவது நல்லது. ஒரு கொப்பியும் பேனாவும் போதும். மூத்தோர் சொல்லட்டும், பிள்ளைகள் எழுதட்டும்.